சில்லறையில் வளர்ந்த இதழ்

பத்திரிகைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆசிரியர்களின் வரலாற்றையே எழுதி முடித்து விடுகின்றனர். ஏட்டைத் தொடங்கியவர் யார், அவர் எழுதிய தலையங்கங்கள் எவை, எந்த ஆட்சி அவரைச் சிறையில் தள்ளிற்று என்பன விரிவாகக் கூறப்படும். அச்சுக்கூலி எங்கிருந்து வந்தது, காகிதக் கடைப் பாக்கியை யார் தீர்த்தார், அஞ்சல் தலைக்குக் காசு கொடுத்த கைகள் யாருடையவை என்னும் வினாக்களுக்கு அந்நூல்களில் அரைப்பக்கமும் கிடைப்பதில்லை. ஓர் இதழ் யாருக்கு அஞ்சுகிறது, யாருக்கு அஞ்சவில்லை என்பதை அறிய வேண்டுமாயின் அதன் தலையங்கத்தைப் படித்தால் மட்டும் போதாது; அதன் வரவு செலவுக் கணக்கையும் படித்தாக வேண்டும் என்பது நம் கருத்து.

இலாபம் கருதாமல், மக்கள் தரும் சிறுதொகைகளைக் கொண்டே உள்ளூர்ச் செய்தி இதழும் உரிமைப் போராட்டமும் நடத்த இயலுமா என்ற கேள்வி இன்று பல நாடுகளிலும் எழுந்துள்ளது. விளம்பர வருவாயை நம்பி வாழ்ந்த ஏடுகள் பல நலிந்துவிட்டன. எஞ்சியவற்றுள் சில, விளம்பரம் தருவோரின் முகம் பார்த்தே பேசுகின்றன. ஆகவே இதனைப் புதிய கேள்வி என்று கருதுவோர் உளர். அது புதியதன்று. 100 ஆண்டுகளுக்கு முன்னரே தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மண்ணில் குஜராத்தி முஸ்லிம் வணிகரும், பார்சிகளும், இந்துக்களும், தமிழகத்திலிருந்து சென்ற எளிய மக்களும் சேர்ந்து இதற்கு ஒரு விடை தேடினர். அவ்விடையின் பெயர் 'இந்தியன் ஒப்பீனியன்'.

1903 ஜூன் மாதம் டர்பன் நகரில் பிறந்து, 1961 வரை உயிர் வாழ்ந்த அவ்வார ஏட்டினைக் காந்தியடிகளின் ஏடு என்றே உலகம் போற்றுகிறது. போற்றுதல் தகும். எனினும் அதனைச் சந்தாதாரர்களின் ஏடாகவும் வைத்துப் பார்த்தால், அதன் பெருமையும் குறையும் வேறொரு வெளிச்சத்தில் புலனாகும். இதற்கு நமக்குத் துணை நிற்பவை காந்தியடிகளே எழுதிய 'சத்திய சோதனை', 'தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகம்' ஆகிய இரு நூல்கள். தலைவர்களின் தன்வரலாறுகளில் பணத்தைப் பற்றிய பேச்சு அரிது. இவ்விரு நூல்களிலோ எத்தனை பவுன் வந்தது, எப்படி வந்தது, யார் தர மறுத்தார் என்பதெல்லாம் ஒளிவு மறைவின்றிப் பதிவாகியிருக்கின்றன. அப்பதிவுகளை அவருக்கு ஆதரவாக மட்டுமன்றி, அவரையே எடைபோடவும் நாம் பயன்படுத்துவோம்.

ஐந்து ஷில்லிங்கின் கதை

ஏட்டின் வேர் அதற்கு முந்திய ஓர் அமைப்பில் இருக்கிறது. 1894-இல் டர்பனில் தாதா அப்துல்லா சேட்டின் இல்லத்தில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. அப்துல்லா ஹாஜி ஆதம் அதன் தலைவர். இளம் வழக்கறிஞராயிருந்த காந்தி செயலாளர். உறுப்பினர் சந்தா மாதம் ஐந்து ஷில்லிங்குக்குக் குறையக் கூடாது என்று விதித்தனர். வசதியுள்ளவர்கள் மிகுதியாகத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அப்துல்லா சேட் மாதம் 2 பவுன் எழுதினார். காந்தி தமக்கு 1 பவுன் எழுதிக் கொண்டார்.

பொதுப்பணியில் ஈடுபட்டோர் அனைவரும் அறிந்த கதை அடுத்து நிகழ்ந்தது. கூட்டத்தில் பொங்கிய உற்சாகம் மறுமாதம் வடிந்துவிட்டது. டர்பனுக்கு வெளியே இருந்தோரைத் தேடிப் போய் மாதந்தோறும் வசூலிக்க இயலவில்லை. உள்ளூரில் இருந்தோரையும் பலமுறை நெருக்க வேண்டியிருந்தது. செயலாளரின் குமாஸ்தா நாள் முழுவதும் சந்தா வசூலுக்கே அலைந்து சலித்துப் போனார். முடிவில் மாதச் சந்தாவை ஆண்டுச் சந்தாவாக்கி, குறைந்த அளவு 3 பவுன் என்றும், அதனை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்றும் தீர்மானித்தனர். வசூல் சீராயிற்று.

இவ்வமைப்பு இரண்டு விதிகளைக் கடைப்பிடித்தது. கடன் வாங்கிப் பொதுப்பணி செய்வதில்லை என்பது ஒன்று. பணம் தந்த ஒவ்வொருவருக்கும் தவறாது ரசீது கொடுப்பது என்பது மற்றொன்று. 1894-ஆம் ஆண்டின் கணக்கில் ஒவ்வொரு தம்பிடிக்கும் விவரம் இருக்கும் என்று, முப்பதாண்டுகள் கழிந்த பின்னரும் காந்தியடிகளால் துணிந்து எழுத முடிந்தது. சிறுதொகை தந்தவனுக்கு ரசீது கொடுப்பதை நாம் ஓர் அலுவலகச் சடங்காக நினைக்கிறோம். அது அதனினும் பெரியது. 'இப்பணத்தைப் பற்றிக் கேட்க உனக்கு உரிமை உண்டு' என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. பெரிய புரவலர் ஒருவரின் தயவில் நடக்கும் அமைப்பு அவர் ஒருவருக்கு விடை சொன்னால் போதும். 300 பேரின் சில்லறையில் நடக்கும் அமைப்பு 300 பேருக்கு விடை சொல்லியாக வேண்டும்.

ஆனால் இங்கே நம்மை உறுத்துகின்ற ஒரு நிகழ்ச்சியும் உண்டு. டோங்காட் என்ற ஊரில் ஒரு வணிகர் வீட்டில் வசூலுக்குச் சென்ற குழு அவரிடம் 6 பவுன் எதிர்பார்த்தது. அவர் 3 பவுனுக்கு மேல் தருவதற்கில்லை என்றார். அதை ஏற்றால் மற்றவரும் குறைத்து விடுவர் என்று எண்ணிய குழுவினர், பசித்த வயிற்றோடு இரவு முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தனர். வீட்டுக்காரரும் விழித்திருந்தார். விடியும் வேளையில் அவர் இணங்கி 6 பவுனைக் கொடுத்து விருந்தும் படைத்தார். இதனை வெற்றிக் கதையாகவே நூலாசிரியர் சொல்லிச் செல்கிறார். நாம் அவ்வளவு எளிதில் கடந்துவிட முடியவில்லை. இரவெல்லாம் வாசலில் அமர்ந்து பெற்றது நன்கொடையா, வரியா? வசூலித்தவர்கள் தங்களுக்காக ஒரு காசும் எடுக்கவில்லை என்பதும், அவர்களும் பட்டினி கிடந்தனர் என்பதும் உண்மை. எனினும் கொடுப்பவரின் மனம் கனிவதற்கும் களைப்பதற்கும் வேற்றுமை உண்டு. ஊர்ப் பெரியவர்கள் கூட்டமாக வந்து நின்றால் இல்லையென்று சொல்லத் தயங்கும் நம்மவர்க்கு இவ்வேற்றுமை நன்கு விளங்கும்.

இரண்டு 3 பவுன்கள்

இதனினும் ஆழமான குறை ஒன்று அந்த 3 பவுனிலேயே இருந்தது. அதனைக் காந்தியடிகளே மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். வணிகர்கள் காங்கிரஸில் சேர்ந்தனர். படித்த இளைஞரும் குமாஸ்தாக்களும் சேர்ந்தனர். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் வெளியிலேயே நின்றனர். சந்தா செலுத்தி உறுப்பினராகும் சக்தி அவர்களுக்கு இல்லை.

யார் அவர்கள்? சென்னையிலிருந்து சென்று 1860 நவம்பரில் அங்கே சேர்ந்த 'துரூரோ' என்ற கப்பல் முதல், 1911 வரை நேட்டாலுக்கு ஏற்றிச் செல்லப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்ற தமிழரும் தெலுங்கருமே. கரும்புத் தோட்டங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்த அவர்களது கூலி சராசரியாக மாதம் 14 ஷில்லிங்குக்கு மேல் இல்லை என்கிறது 'சத்திய சோதனை'. 3 பவுன் என்பது 60 ஷில்லிங். அதாவது, காங்கிரஸின் மிகக் குறைந்த ஆண்டுச் சந்தா ஒரு கூலியாளின் நான்கு மாத உழைப்பையும் தாண்டியது.

வரலாற்றின் கசப்பான பொருத்தம் ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பின்னும் நாட்டில் தங்கும் கூலிகள் மீது தலைக்கு 25 பவுன் வரி விதிக்க நேட்டால் அரசு முனைந்தது. எதிர்ப்பின் பின்னர், 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது ஆண்டுக்கு 3 பவுனாக நின்றது. கணவன், மனைவி, பிள்ளைகள் என ஒரு வீட்டில் நால்வர் இருந்தால் 12 பவுன். அந்தக் கொடிய வரியின் அளவும், அதனை எதிர்த்த அமைப்பில் சேர்வதற்கான சந்தாவின் அளவும் ஒன்றே. ஒன்று அடக்குவோன் விதித்தது. மற்றொன்று விடுதலை நாடுவோர் விதித்தது. இரண்டையும் கொடுக்க முடியாதவன் ஒருவனே.

அவனைக் காங்கிரஸின் வாசலுக்குக் கொண்டுவந்தது சந்தாவன்று. வெள்ளை எஜமானன் அடித்து முன்பற்கள் இரண்டு உடைந்த பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, தலைப்பாகையைக் கையில் ஏந்தி, இரத்தம் வடியக் காந்தியின் அலுவலகத்துக்குள் நுழைந்தான். அங்கிருந்த தமிழ்க் குமாஸ்தாவின் வாயிலாகவே அவன் வழக்கு புரிந்தது. தலைப்பாகையைக் கட்டிக் கொள்ளுமாறு அவனிடம் சொல்லப்பட்டது. அவனை வேறொருவரிடம் பணி மாற்றிக் கொடுத்த செய்தி தோட்டந்தோறும் பரவிற்று. ரசீதுப் புத்தகத்தில் பெயரில்லாதவனும் அமைப்புக்கு உரியவன் என்பதை அன்று காங்கிரஸ் கற்றுக் கொண்டது. சிறுதொகை என்பது யாருக்குச் சிறியது என்று கேட்காமல் விதிக்கப்படும் சந்தா, ஏழையை மெல்ல வெளியே தள்ளிவிடும் என்பதே இப்பகுதியிலிருந்து நாம் பெறும் பாடம்.

அச்சுக்கூடமும் அறநிலையும்

1903-இல் மதன்ஜித் என்பாரின் அச்சுக்கூடத்திலிருந்து ஏடு வெளிவரத் தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், இந்தி என நான்கு மொழிகள் அதில் இடம்பெற்றன. மன்சுக்லால் நாசர் ஊதியமின்றி ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். ஏட்டின் செலவோ ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு காலத்தில் காந்தி தம் வருவாயிலிருந்து மாதம் 75 பவுன் அனுப்ப வேண்டியிருந்தது. அவருடைய சேமிப்பு அனைத்தையும் ஏடு விழுங்கிற்று. ஒரு தனிமனிதரின் தியாகத்தால் ஏடு நின்றது என்று இதனைப் பாராட்டுவோர் பலர். நாம் வேறுவிதமாகக் காண்கிறோம். ஒருவரின் சட்டைப் பையை நம்பி நிற்கும் ஏடு, அப்பை எவ்வளவு தூயதாயினும், ஆபத்தில் இருக்கும் ஏடே. அவர் நோயுற்றால் ஏடும் நோயுறும்.

காந்தியடிகள் இதனை உணர்ந்தார் என்பதற்கு அடுத்த நடவடிக்கைகள் சான்று. 1904 இறுதியில் அச்சுக்கூடம் டர்பனுக்கு 14 மைல் தொலைவிலிருந்த பீனிக்ஸ் என்ற இடத்துக்குப் பெயர்ந்தது. 100 ஏக்கர் நிலம் 1,000 பவுனுக்கு வாங்கப்பட்டது. அங்கே வாழ்வோர் நிலத்தில் உழைத்து, ஏட்டிலும் உழைத்து, நிறமும் நாடும் பாராது மாதம் 3 பவுன் என்ற ஒரே ஊதியம் பெறுவது என்பது திட்டம். முதல் இதழ் அச்சாக வேண்டிய இரவில் எண்ணெய் இயந்திரம் ஓட மறுத்தது. கையால் சுழற்றும் சக்கரத்தைப் பிடிக்க ஆள் போதவில்லை. வேலை முடித்து உறங்கிக் கொண்டிருந்த தச்சர்களை எழுப்பி உதவி கேட்டனர். அவர்களும் வந்து தோள் கொடுத்தனர். பணமாகத் தர இயலாதவன் உழைப்பாகத் தருவதும் நன்கொடையே; அந்தத் தச்சர்களின் அவ்விரவை ஏட்டின் வரவுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும்.

1912-இல் மேலும் ஒரு படி எடுத்து வைக்கப்பட்டது. பீனிக்ஸ் நிலமும் அச்சுக்கூடமும் ஏடும் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டன. உமர் ஹாஜி ஆமத் ஜவேரி, பார்சி ருஸ்தம்ஜி முதலானோர் அதன் பொறுப்பாளர்களாயினர். விளம்பரம் பெறுவதும் நிறுத்தப்பட்டது. இலாபமற்ற பத்திரிகை என்று இன்று எதைச் சொல்கிறோமோ, அதன் உறுப்புகள் யாவும் அன்றே அங்கு அமைந்துவிட்டன: சொந்தக்காரன் இல்லை, பங்கு இலாபம் இல்லை, விளம்பரக்காரனின் கண்டிப்பு இல்லை.

வணிகர்கள் இதனைத் தாங்கிப் பிடித்தது சும்மா நிகழ்ந்ததன்று. டிரான்ஸ்வாலில் பிரிட்டிஷ் இந்தியர் சங்கத்தின் தலைமையை ஏற்ற அகமது முகம்மது கச்சாலியாவை வழிக்குக் கொண்டுவர, அவருக்குக் கடன் கொடுத்திருந்த ஐரோப்பிய வணிகர்கள் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டனர். போராட்டத்தை விட்டால் கெடு கிடைக்கும். அவர் விடவில்லை. கடை கைமாறிற்று. கடன்காரர்கள் முழுத்தொகையும் பெற்றனர். அவர் தம் வணிகத்தை இழந்தார். பொதுப்பணிக்குக் கொடுப்பவன் கொடுத்த தொகையை மட்டும் இழப்பதில்லை, சில வேளைகளில் கொடுத்ததற்காகவும் இழக்கிறான் என்பதை இது காட்டுகிறது. பெரிய கொடைகளும் வராமல் இல்லை. 1909-இல் ரத்தன் டாட்டா 25,000 ரூபாய் அளித்தார். முற்றுகைக் காலத்தில் பெருந்தொகை கைகொடுக்கும். அன்றாட மூச்சு மட்டும் சில்லறையிலேயே ஓடிற்று.

காசு எழுத்தை மாற்றிய விதம்

இப்பொருளாதாரம் ஏட்டின் நடையையும் வடித்தது என்பதே திறனாய்வாளன் கவனிக்க வேண்டிய செய்தி. இதழின் சந்தாதாரர்கள் 1,200 முதல் 1,500 வரை இருந்தனர். உச்சநிலையில் 3,500-ஐ எட்டினர். ஆனால் வாசகர் தொகை அதனினும் பன்மடங்கு. ஞாயிறு காலையில் ஜோகன்னஸ்பர்க்குக்கு ஏடு வந்து சேரும். தாமதமானால் முறையீடுகள் குவியும். ஒருவர் குஜராத்திப் பகுதியை முதலிலிருந்து இறுதிவரை உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்பர். தனியே சந்தா கட்ட வசதியற்றவர்கள் சிலராகக் கூடி ஒரு பிரதியை வாங்குவர். இவை யாவும் காந்தியடிகள் எழுதி வைத்த செய்திகள்.

கூட்டுச் சந்தாவும் கூட்டு வாசிப்பும் உள்ள இடத்தில் எழுத்து எப்படியிருக்க வேண்டும்? காதால் கேட்டுப் புரிந்து கொள்ளத்தக்கதாய், சொற்செட்டு உடையதாய், மிகைப்படுத்தாததாய் இருக்க வேண்டும். காசு கொடுத்தவர்கள் அடுத்த வாரமே எதிரில் வந்து நிற்பார்களாதலால், பொய்யும் புகழ்ச்சியும் நெடுநாள் செல்லா. ஒரு சொல்லையும் சிந்திக்காமல் எழுதியதில்லை, எவரையும் மகிழ்விப்பதற்காக மட்டும் எழுதியதில்லை என்ற பொருளில் அவர் தம் எழுத்தைப் பற்றிக் கூறுவது தற்புகழ்ச்சியன்று. அது அந்தச் சந்தா முறை தந்த பயிற்சி. 1908-இல் ரஸ்கினின் நூலைச் சுருக்கி 'சர்வோதயம்' என்று எழுதியதும், 1909 டிசம்பரில் 'இந்து சுயராஜ்யம்' வெளியானதும் அக்குஜராத்திப் பக்கங்களில்தான். உலகம் பின்னர் பெருநூல்கள் எனக் கொண்டாடியவை, ஞாயிறு காலை வட்டமாக அமர்ந்து கேட்ட கடைக்காரர்களுக்காகவும் கடைச் சிப்பந்திகளுக்காகவும் முதலில் எழுதப்பட்டவை.

தமிழ்ப் பக்கம் போனது

இனி ஏட்டின் பெருங்குறைக்கு வருவோம். 1906-இல் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நிறுத்தப்பட்டன. அவை பெயருக்கே நடந்தன, கருதிய பயனைத் தரவில்லை, தொடர்ந்து வெளியிடுவது ஏமாற்றுவதாகும் என்பது அவர் கூறும் காரணம். தகுந்த ஆசிரியரும் அச்சுக்கோப்போரும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. நேர்மையான காரணம்தான். ஆயினும் அது முழுக் காரணமாகுமா? குஜராத்திப் பகுதிக்குத் தலைவரே எழுதினார். அதற்குச் சந்தா கட்டும் வணிகர் இருந்தனர். தமிழ்ப் பகுதிக்கு எழுத ஒருவர் இல்லை. படிக்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துக் கூலிகள். சந்தா எங்கிருந்து வந்ததோ அம்மொழி நிலைத்தது. சந்தா எங்கிருந்து வரவில்லையோ அம்மொழி விழுந்தது.

இதற்கு மறுமொழி 1913-இல் கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது ஏட்டின் தலையங்கமன்று. டிரான்ஸ்வாலிலிருந்து வந்த, பெரும்பாலும் தமிழரான பெண்கள் சிலர், கைக்குழந்தைகளோடு நேரில் சென்று தொழிலாளரிடம் பேசினர். எந்தப் பக்கம் அச்சில் இல்லையோ, அதனை அவர்கள் வாய்மொழியாக நிரப்பினர். நவம்பர் 6-ஆம் நாள் 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 குழந்தைகளும் எல்லையை நோக்கி நடந்தனர். 3 பவுன் வரி 1914-இல் ஒழிந்தது. அதனைக் காணாமலே அவ்வாண்டு பிப்ரவரி 22-இல் சிறைக் காய்ச்சலால் தில்லையாடி வள்ளியம்மை மறைந்தாள். சந்தா கட்டாதவர்கள் தங்கள் பங்கைச் செலுத்திவிட்டனர். அவர்களுக்குரிய பக்கத்தைத்தான் ஏடு செலுத்தவில்லை.

வேலிக்கு அப்பால் பார்க்காத குறையும் உண்டு. பீனிக்ஸின் அண்மையில், அதே இனாண்டா வட்டாரத்தில், ஜான் துபே என்ற ஆப்பிரிக்கத் தலைவர் 1903 ஏப்ரலில் 'இலாங்கா லாசே நாத்தால்' என்ற சூலு மொழி ஏட்டைத் தொடங்கியிருந்தார். இரண்டு மாத இடைவெளியில் பிறந்த இரண்டு அண்டை ஏடுகள். இருந்தும் மண்ணின் மைந்தரது துயர் 'இந்தியன் ஒப்பீனிய'னில் அரிதாகவே இடம்பெற்றது. தொடக்க ஆண்டுகளில் அவர்களைப் பற்றி அதில் வந்த சில சொற்கள் இன்று படிப்போரைத் தலைகுனிய வைப்பவை. தம்மவர் தரும் காசில் தம்மவர்க்கே நடக்கும் ஏடு, அயலான் துயரைக் காணாமல் போவதற்கு இது சான்று.

நிலையான நிதியா, ஆண்டுச் சந்தாவா?

நம் வாசகர் சிந்திக்க வேண்டிய இன்னொரு செய்தி. மிஞ்சிய பணத்தில் நேட்டால் காங்கிரஸ் சொத்து வாங்கிற்று, வாடகை வந்தது. காந்தியடிகள் நாட்டை விட்டு வந்த பின்னர் உள்ளே பூசல் மூண்டு, வாடகைப் பணம் நீதிமன்றத்தில் தேங்கிற்று. அதனைக் கண்ட அவர், பொதுநிறுவனங்கள் நிலையான நிதியில் வாழக்கூடாது என்ற முடிவுக்கு வந்தார். மக்கள் ஆண்டுதோறும் தரும் சந்தாவே அந்நிறுவனம் நேர்மையாக நடக்கிறதா என்பதற்குச் சோதனை. சந்தா நின்றால் நிறுவனம் நிற்பதே முறை என்பது அவர் கொள்கை.

இக்கொள்கையை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. வக்பு என்னும் நிலையான அறத்தால் பல தலைமுறைகளாகப் பள்ளிகளும் மதரஸாக்களும் வாழ்ந்து வந்துள்ளதை நம் சமுதாயம் அறியும். அதேவேளையில் வக்புச் சொத்துக்காக எழுந்த வழக்குகளையும் அறியும். ஆகவே இரு பக்கமும் நமக்குத் தெரியும். கட்டடத்துக்கும் அச்சுக்கூடத்துக்கும் நிலையான நிதி இருக்கட்டும். ஏட்டின் நாவுக்கு மட்டும் ஆண்டுதோறும் மக்களிடமிருந்தே காசு வரட்டும் என்பது நம் தீர்ப்பு. சமையலுக்கு அளந்து போடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இட்டுவைத்த நம் தாய்மார்களின் பிடியரிசி, மதரஸாவுக்கு உணவானதோடு நிற்கவில்லை. 'இது என்னுடையதும்கூட' என்ற உரிமையை ஒவ்வொரு அடுக்களைக்கும் கொடுத்தது.

இன்றைய சான்றுகள்

பழங்கதை என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. அதே தென்னாப்பிரிக்காவில் 2010-இல் 'அமாபுங்கானே' என்ற புலனாய்வு இதழியல் மையம் தோன்றிற்று. சூலு மொழியில் சாணவண்டுகள் என்று பொருள்படும் பெயர். அரசிடமும் வணிக நிறுவனங்களிடமும் பணம் பெறுவதில்லை என்பது அதன் விதி. 2017-இல் குப்தா குடும்பத்தாருக்கும் ஆட்சியாளருக்கும் இருந்த தொடர்பினைக் காட்டும் மின்னஞ்சல் குவியலை வெளிக்கொணர்ந்ததில் அதற்குப் பெரும்பங்குண்டு. 2012-இல் கேப் டவுனில் தொடங்கிய 'கிரவுண்டப்', குடிசைப் பகுதிகளின் வீடு, கழிவறை, நீதிமன்றம், மருத்துவமனை பற்றிய செய்திகளையே தன் தொழிலாகக் கொண்டு, பிற ஏடுகள் அவற்றை விலையின்றி எடுத்து வெளியிடவும் இசைவு தருகிறது. இவற்றின் செலவில் பெரும்பகுதியை அறக்கட்டளைகள் ஏற்கின்றன. பொதுமக்களின் சிறுதொகை அதனோடு சேர்கிறது. அறக்கட்டளையின் விருப்பம் மாறினால் என்னாகும் என்ற கேள்வி எழத்தான் செய்யும். அதற்குக் காப்பு அந்தச் சிறுதொகையை வளர்ப்பதே.

தமிழ்ப் பக்கம் விழுந்த கதைக்கு மாற்றாக நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடத்தில் 2002-இல் 'கபர் லகரியா' பிறந்தது. செய்தி சேகரிப்பதும் எழுதுவதும் ஊர் ஊராகச் சென்று விற்பதும் கிராமத்துப் பெண்கள். பலர் தலித் பெண்கள். அவர்கள் எழுதத் தொடங்கியது தங்கள் வாய்மொழியாகிய புந்தேலியில். எந்த மக்களின் மொழி விற்காது என்று 1906-இல் கைவிடப்பட்டதோ, அத்தகைய மக்களின் மொழியிலேயே ஓர் ஏடு நடந்தது. யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசை 2009-இல் பெற்றது. பின்னர் காகிதத்திலிருந்து கைப்பேசித் திரைக்கு மாறியும் அவ்வூர்ப் பெண்களின் குரலாகவே தொடர்ந்தது. எழுத ஆள் இல்லை என்ற காரணத்துக்கு அப்பெண்கள் தந்த மறுமொழி, ஆளைப் பயிற்றுவித்துக் கொள்வதே.

நம் வீட்டுக் கணக்கு

இலங்கையில் 1882-இல் சித்திலெப்பை தொடங்கிய 'முஸ்லிம் நேசன்', சிங்கப்பூரில் 1887-இல் மகுதூம் சாயபு தொடங்கிய 'சிங்கை நேசன்' என நம் இதழ் மரபு நீண்டது. அந்நாள் தொட்டுத் தமிழ்ச் சிற்றிதழ்களைப் புரட்டுவோர் கண்ணில் படாமற் போகாத ஓர் அறிவிப்பு உண்டு: சந்தா பாக்கியை அனுப்பி உதவுமாறு வேண்டும் சிறு கட்டம். நம் இலக்கிய வரலாற்றில் மிகுதியாக எழுதப்பட்டு மிகக் குறைவாகப் படிக்கப்பட்ட எழுத்து அதுவாகவே இருக்கும். இதழ் நின்ற பின் அதன் தொண்டைப் போற்றி விழா எடுப்பதில் நாம் குறை வைப்பதில்லை. விழாச் செலவில் எத்தனை ஆண்டுச் சந்தா அடங்கும் என்று எவரும் கணக்கிட்டதில்லை.

இன்று கைப்பேசியில் செய்தி விலையின்றி வந்து குவிகிறது. விலையின்றி வரும் செய்திக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். அவர் தம் விருப்பத்தையும் அதனோடு சேர்த்தே அனுப்புகிறார். நம் தெருவின் குடிநீர், நம் ஊர்ப் பள்ளியில் இல்லாத ஆசிரியர், நம் ஆற்றில் கலக்கும் தோல் ஆலைக் கழிவு ஆகியவை அவருக்குச் செய்தியல்ல. நமக்கே செய்தி. ஆகவே நாமே விலை கொடுத்தாக வேண்டும்.

கொடுக்கும்போது மூன்றைக் கேட்டுப் பெறுவோமாக. கணக்கை வெளியிடுகிறார்களா என்பது முதலாவது. கொடுக்க வசதியற்றவனுக்கும் அவ்வேட்டில் வாசல் உண்டா என்பது இரண்டாவது. அவன் மொழியில், அவன் சொல்லுக்கு ஒரு பக்கம் உண்டா என்பது மூன்றாவது. முதற் கேள்விக்கு 'இந்தியன் ஒப்பீனியன்' முழுமதிப்பெண் பெற்றது. இரண்டாவதில் தடுமாறிக் கற்றுக் கொண்டது. மூன்றாவதில் தவறிற்று. அத்தவற்றையும் மறைக்காமல் அதன் ஆசிரியரே எழுதி வைத்ததால்தான் இன்று நாம் அதனை எடைபோட முடிகிறது. சில்லறையில் நடந்த ஏட்டுக்கு வாய்த்த நேர்மை அது. நம்மிடையே நடக்கும் ஏடுகளிடமும் அதனைக் கேட்கும் உரிமை, ஆண்டுச் சந்தாவைத் தவறாது செலுத்துவோர்க்கே உண்டு.